எட்டாயிரம் சுற்று

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்புக்குக் காது கிடையாது. பக்கத்தில் நின்று தொண்டை கிழியப் பாடினாலும், நல்ல நிலையில் இருக்கும் பிக்கப் அதைச் சட்டை செய்யாது. எஃகுத் தந்திகளைக் கழற்றிவிட்டு நைலான் தந்திகளைப் போட்டால், விரல் வலிக்க மீட்டினாலும் ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்கும். அந்தச் சின்னப் பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன் தலைக்கு மேலே இரும்பு அசைகிறதா இல்லையா என்பது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் கொஞ்சம்தான். ஒரு காந்தம், அல்லது ஆறு சிறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று; அதுதான் காயில். வெளியே வரும் இரண்டு ஒயர். காந்தத்துக்கு மேலே இருப்பதால் எஃகுத் தந்தியும் காந்தத்தன்மை பெறுகிறது. தந்தி அதிரும்போது காயிலின் ஊடே செல்லும் காந்தப் புலம் கூடுகிறது, குறைகிறது. அந்த ஏற்ற இறக்கம் காயிலில் மின்னழுத்தமாகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த விதிதான் இது. சைக்கிள் டைனமோவும் மின் நிலையமும் இதே விதியில்தான் ஓடுகின்றன. ஆனால் அந்த விதி கிட்டாருக்குள் நுழைய நூறு வருஷம் பிடித்தது. நுழைத்தவர் விஞ்ஞானி அல்ல. மேடையில் தன் வாத்தியம் யாருக்கும் கேட்கவில்லையே என்று தவித்த ஒரு கலைஞர்.

அவர் பெயர் ஜார்ஜ் பீச்சம். டெக்சஸில் 1899இல் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் கேளிக்கை மேடைகளில் ஹவாயன் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஹவாய் இசைக்கு இருந்த மோகத்தை இப்போது கற்பனை செய்வதுகூடக் கடினம். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் வாசித்ததிலிருந்து பற்றிக்கொண்ட தீ அது. கிட்டாரை மடியில் படுக்கவைத்து, எஃகுத் துண்டால் தந்தியை வழுக்கி வாசிப்பார்கள். இந்த முறையில் கிட்டார் பின்னால் நின்று தாளம் போடும் வாத்தியமாக இல்லாமல், முன்னால் வந்து பாட்டை எடுத்துச் சொல்கிறது. முன்னால் வந்தால் கேட்க வேண்டுமல்லவா? டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்ஸும் முழங்கும் மேடையில் மரப்பெட்டிக் கிட்டாரின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

பீச்சம் முதலில் தேடியது மின்சாரத்தை அல்ல. ஜான் டோப்யெரா என்ற கைவினைஞரைப் பிடித்து, உலோக உடலுக்குள் அலுமினியக் கூம்புகள் வைத்த ரெசனேட்டர் கிட்டாரைச் செய்யவைத்தார். அதற்காகவே நேஷனல் என்ற நிறுவனம் உருவானது. 1927 வாக்கில் மூன்று கூம்பு கிட்டார் விற்பனைக்கு வந்தது. சத்தம் கூடியது, ஆனால் போதவில்லை. நிறுவனத்துக்குள் சண்டையும் மூண்டது. டோப்யெரா பிரிந்து போனார். 1931இல் பீச்சமும் வெளியேற நேர்ந்தது. கையில் வேலை இல்லாத அந்த வருஷத்தில்தான் அவர் வீட்டு மேசையில் பிக்கப் உருவெடுத்தது.

கிட்டாரை மின்சாரத்தோடு சேர்க்கும் எண்ணம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. சிகாகோவின் ஸ்ட்ரோம்பெர்க்-வாய்சினெட் நிறுவனம் 1928இலேயே ஒரு மின் கிட்டாரை விளம்பரப்படுத்தியது. அது பலகையின் அதிர்வை எடுக்கப் பார்த்தது. பார்த்தால் நியாயமான யோசனைதான்: கிட்டாரின் ஒலி பலகையிலிருந்துதானே வருகிறது, அங்கேயே பிடித்தால் என்ன? ஆனால் பலகை எல்லாவற்றுக்கும் அதிரும். கை உரசினாலும் அதிரும், ஸ்பீக்கர் அலறினாலும் அதிரும், அதனால் ஸ்பீக்கர் இன்னும் பலமாக அலறும். பீச்சமின் பெருமை, மரத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டுத் தந்தியிடமே நேரடியாகக் கேட்டதில் இருக்கிறது. வாத்தியத்தின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான வெட்டு எனக்குத் தெரியவில்லை. நூற்றாண்டுகளாக மரவேலைக்காரர்கள் இழைத்து இழைத்துச் சேர்த்த ஒலிப்பெட்டி இதற்குத் தேவையில்லை என்றார்.

அவருக்கு வழிகாட்டியது கிராமபோன். மின் கிராமபோனில் இசைத்தட்டின் பள்ளம் ஊசியை அசைக்கிறது. ஊசியின் அசைவைக் காந்தமும் காயிலும் மின்சாரமாக்குகின்றன. பள்ளம் அசைக்கும் இடத்தில் தந்தி அசைந்தால் என்ன? ஒரு பிரன்ஸ்விக் கிராமபோனின் பிக்கப்பைப் பிரித்து, மரக்கட்டை ஒன்றில் ஒரே ஒரு தந்தியைக் கட்டிச் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது. ஒரு தந்திக்குச் செய்தது ஆறு தந்திக்கும் செய்ய வேண்டும். இரவுப் பள்ளிக்குப் போய் மின்னணுவியல் படித்தார். நேஷனலில் உடனிருந்த பால் பார்த் துணைக்கு வந்தார். காயில் சுற்றுவதற்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றினார் என்று ஒரு தரப்பும், தையல் மிஷின் மோட்டார் என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன. எதுவானாலும் அந்தப் பிக்கப்பின் காயிலைச் சுற்றியது ஒரு வீட்டுச் சாமானின் மோட்டார்தான்.

பல மாதம் போட்டுப் பார்த்து வந்து சேர்ந்த வடிவம் இது: குதிரை லாட வடிவில் இரண்டு பெரிய எஃகுக் காந்தங்கள் எதிரெதிராக. தந்திகள் அவற்றின் வளைவுக்குள் நுழைந்து போகும். தந்திகளுக்கு அடியில் காயில். காயிலின் நடுவே, தந்திக்கு ஒன்றாக ஆறு இரும்புத் துண்டுகள். நேஷனல் தொழிற்சாலையில் இருந்த ஹாரி வாட்சன், மேப்பிள் மரத்தில் ஓர் உடலைக் கையால் செதுக்கிக் கொடுத்தார். வட்டமான சின்ன உடம்பும் நீளமான கழுத்தும். பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அதை விற்க ஆள் வேண்டும். நேஷனலுக்கு உலோக உடல்களை அழுத்தித் தந்துகொண்டிருந்த அடால்ஃப் ரிக்கன்பேக்கர் சேர்ந்தார். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த டை மேக்கர் அவர். 1931 அக்டோபரில் ரோ-பாட்-இன் என்ற நிறுவனம் பதிவானது. 1932இல் அலுமினியத்தில் வார்த்த ஃப்ரையிங் பேன்கள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்கா கடும் பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். போதாக்குறைக்கு, மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி நழுவும். காப்புரிமை அலுவலகமும் இழுத்தடித்தது. இது வாத்தியமா, மின் சாதனமா, இது உண்மையிலேயே இயங்குமா என்றெல்லாம் பரிசோதகர்கள் கேட்க, ரிக்கன்பேக்கர், ஹவாயன் கிட்டார் மேதை சோல் ஹூபியி உள்ளிட்ட சில கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, அதிகாரிகள் முன்னால் வாசிக்கவைத்தார். காப்புரிமை 1937 ஆகஸ்ட் 10இல் கிடைத்தபோது ஊரில் பாதிப் பேர் பிக்கப் செய்துகொண்டிருந்தார்கள். பீச்சம் 1941இல் இறந்துபோனார். தான் திறந்த கதவு வழியாக எத்தனை பேர் நடந்தார்கள் என்று பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

சத்தத்துக்காகத் தேடிய வழியில் அவருக்கு இன்னொன்றும் கிடைத்திருந்தது: நீளம். பலகையை அதிரவைப்பதில் தந்தியின் சக்தி சீக்கிரம் செலவாகிவிடும். கெட்டியான உடலில் கட்டிய தந்தி அப்படிச் செலவழிவதில்லை. அது ஓயும்வரை பிக்கப் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த நீளம் நம் இசைக்கும் வந்து சேர்ந்தது. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்திகளை ஐந்தாகக் குறைத்து மின் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். சாதாரண மாண்டலினில் ஒரு ஸ்வரம் பிறந்த வேகத்தில் மறைந்துவிடும். தந்தியை இழுத்துக் கமகம் போட, அந்த ஸ்வரம் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்க வேண்டும். அவர் தோடி வாசிக்கும்போது நாம் கேட்டதில் பிக்கப்புக்கும் ஒரு பங்கு உண்டு. மின் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவுக்கும் இது பொருந்தும்.

கிட்டாரை மடியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்து வாசிப்பவர்களுக்கு 1936இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 கிட்டாரைக் கொடுத்தது. அதன் பட்டைப் பிக்கப்பை இன்றும் 'சார்லி கிறிஸ்டியன் பிக்கப்' என்றே சொல்வார்கள். 1939இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த கிறிஸ்டியன் என்ற அந்த இளைஞர், கிளாரினெட்டுக்குச் சமமாக கிட்டாரைப் பேசவைத்தார். மூன்றே வருஷத்தில் காசநோயில் போய்விட்டார். அவர் கிட்டாரின் மூடிக்கு அடியில் இரண்டு கனத்த காந்தக் கட்டைகள் ஒளிந்திருந்தன. பீச்சமின் லாடம் பெரிதாக இருந்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: அன்றைய எஃகுக் காந்தங்கள் பலவீனமானவை, சக்தி வேண்டுமானால் பருமன் வேண்டும். பீச்சம் காயில் சுற்றிய அதே 1931இல் ஜப்பானில் தோக்குஷிச்சி மிஷிமா இரும்பு, நிக்கல், அலுமினியம் கலந்த வலிமையான காந்தக் கலவையைக் கண்டுபிடித்திருந்தார். கோபால்ட்டும் சேர்ந்து அது அல்னிகோ ஆனது. சின்ன உருளைத் துண்டு ஒன்றே ஒரு தந்திக்குப் போதும் என்ற நிலை வந்தது. லியோ ஃபெண்டரின் பிக்கப் அந்தத் துண்டிலிருந்து பிறந்தது.

ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். எதைச் செய்தாலும் நாளைக்கு இது பழுதானால் எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கிற ஆள். கழுத்து கெட்டால் நான்கு திருகாணி, பிக்கப் கெட்டால் இரண்டு திருகாணி. 1950இல் எஸ்கொயர், பிராட்காஸ்டர், 1951இல் டெலிகாஸ்டர், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்று வந்த கிட்டார்களின் பிக்கப்பைவிட எளிமையான பிக்கப்பை நினைத்துப் பார்ப்பது கஷ்டம். கெட்டியான ஃபைபர் அட்டை இரண்டு. அவற்றில் ஆறு துளை. துளைகளில் ஆறு அல்னிகோ துண்டுகளை அடித்துச் செருகினால் அதுவே பாபின். காந்தத்தின் மேல் ஒரு பூச்சு அரக்கு, அதன் மேல் நேரடியாகக் கம்பி. அமெரிக்க அளவில் 42ஆம் எண் கம்பி. செம்பு மட்டும் 0.063 மில்லிமீட்டர். நம் ஊரில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைகளில் புழங்கும் கம்பி இதன் முன்னால் கயிறு. ஸ்ட்ராட் பிக்கப் ஒன்றில் சுமார் எட்டாயிரம் சுற்று, நீட்டிப் பிடித்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

அந்தக் கம்பியைச் சுற்றியவர்கள் பெண்கள். மோட்டார் பாபினைச் சுழற்றும். கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, இடமும் வலமுமாக நகர்த்தி நிரப்புவது அவர்கள் கை. 1960களின் நடுப்பகுதிவரை ஃபெண்டர் தொழிற்சாலையில் இப்படித்தான். கையால் நிரப்பும் காயிலில் சுற்றுகள் நூல்கண்டுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காகப் படியாது. குறுக்கும் நெடுக்குமாக விழும். அடுத்தடுத்த அடுக்குகள் நெருக்கமாக ஒட்டாததால் காயிலுக்குள் தானாகச் சேரும் மின்தேக்கம் குறையும். மேல்ஸ்தாயி ஓசை சற்றுத் திறந்து வரும். இதை யாரும் வரைபடத்தில் போடவில்லை. ஒருவர் இறுக்கிப் பிடிப்பார், ஒருவர் தளர்த்திப் பிடிப்பார். காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. உலகம் பின்னால் தேடித் தேடி விலை கொடுத்த ஓசை இந்தக் கைகளின் ஏறுமாறுதான் என்பது என் உறுதியான எண்ணம். அவர்களில் அபிகேல் இபாரா 1956இல் ஃபெண்டரில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் காயில் சுற்றி, 2013இல் ஓய்வுபெற்றார். கடைசிக் காலத்தில் அவர் கையெழுத்திட்ட பிக்கப்புக்கு வாசிப்பவர்கள் காத்திருந்து வாங்கினார்கள். அவர் கூட வேலை பார்த்த மற்றவர்களில் பலரின் பெயர்கள் நமக்கு வந்து சேராதது பெரிய இழப்பு. வாசித்தவர்களின் பெயர்களை எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறோம்.

ஃபெண்டர் பிக்கப்பில் ஆறு காந்தமும் ஒரே உயரத்தில் இருக்காது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்ட்ராட்டில் மூன்றாவது தந்தியின் காந்தம் எழும்பி நிற்கும். 1954இல் எல்லாரும் மூன்றாவது தந்தியாகப் போட்டது கம்பி சுற்றிய கனத்த தந்தி. அதன் உள்ளே இருக்கும் எஃகு மெல்லியது, ஆகவே அது அடங்கி ஒலிக்கும். அதைத் தூக்கிவிடக் காந்தத்தை உயர்த்தினார்கள். பிறகு சுற்றில்லாத வெறும் எஃகுத் தந்தி வழக்கத்துக்கு வந்தது. உயர்ந்த காந்தம் அப்படியே நின்றது. மூன்றாவது தந்தி மற்றவற்றை மீறிக் கத்தியது. அதைச் சரிசெய்ய அந்தக் காந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளப் பார்த்தவர்கள் ஏராளம். கம்பியின் முதல் அடுக்கு அந்தக் காந்தத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. காந்தம் நகர்ந்தால் கம்பி அறும். பழைய ஃபெண்டர் பிக்கப்புகளில் நல்ல ஆயுளோடு இருந்தவற்றைக் கொன்றதில் இந்தக் கட்டைவிரலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒற்றைக் காயிலுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது தந்திக்கு மட்டுமல்ல, அறையில் உள்ள ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் டியூப்லைட் சோக்குக்கும் சேர்த்து ஆன்டெனா. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், மேடையில் ஓயாமல். கலமசூ நகரின் கிப்சன் தொழிற்சாலையில் இதைத் தீர்த்தவர் சேத் லவர், கடற்படையிலும் இருந்தவர். ஆம்ப்ளிஃபயருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலை அடக்க அவர் இரண்டு காயில் வைத்த சோக் செய்திருந்தார். அதையே கிட்டாருக்குக் கொண்டுவந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காயில். இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அப்படியானால் தந்தியின் ஓசையும் அழியுமே? அதற்காக ஒரு காயிலுக்கு வடமுனை, இன்னொன்றுக்குத் தென்முனை. திசையும் திரும்பி முனையும் திரும்பினால் தந்தியின் சமிக்ஞை பழையபடி ஒன்றுசேர்ந்துவிடும். இரைச்சலுக்கு முனை கிடையாது, அதனால் அது தப்பிக்க முடியாது. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு தெளிவான யோசனை. மேல்மூடிக்கு அவர் ஜெர்மன் சில்வர் உலோகத்தைத் தேர்ந்ததும் நினைத்துச் செய்ததே: பித்தளையைவிட மின்சாரத்தை மோசமாகக் கடத்தும், ஆகவே மேல்ஸ்தாயியைத் தின்னாது.

1955 ஜூன் 22இல் விண்ணப்பித்தார்; 1959 ஜூலை 28இல் காப்புரிமை வந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் இல்லினாய் மாநிலத்தில் ரே பட்ஸ், கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸுக்காக இதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்தார். அது கிரெட்ச் கிட்டார்களில் ஏறியது. லவரின் இரட்டைக் காயில் பிக்கப்புக்கு ஹம்பக்கர் என்று பெயர்; கிப்சன் 1957 முதல் அதைக் கிட்டார்களில் பரவலாகப் போட்டது. பிக்கப்பின் அடியில் ஒட்டிய சின்னக் கறுப்புத் துண்டுச்சீட்டில் 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்ற வாசகம். அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் கிட்டார்க்காரர்கள் பக்தியோடு சொல்லும் 'பிஏஎஃப்'. காப்புரிமை வந்த பிறகு மாற்றிய சீட்டில் அச்சான எண் லவருடைய பிக்கப்புக்கு உரியதே அல்ல. கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் தந்திக்கட்டைக் காப்புரிமை எண்.

பிஏஎஃப் காயில்களும் ஏறுமாறானவைதான். இயந்திரம் சுற்றியது, ஆனால் எப்போது நிறுத்துவது என்று ஆள் முடிவு செய்தார். ஒரு காயிலில் ஐயாயிரம் சுற்று வாக்கில், பக்கத்துக் காயிலில் கொஞ்சம் கூடவோ குறையவோ. கையில் கிடைத்த அல்னிகோ ரகம். கறுப்பு பாபின் தீர்ந்தால் வெளிர்மஞ்சள் பாபின். இரண்டு காயிலும் சரிசமமாக இல்லாதபோது இரைச்சல் முழுதாக அடங்காது, ஆனால் குரலில் ஒரு கூர்மை எஞ்சும். 1966இல் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் இசைத்தட்டில் பழைய கிப்சன் லெஸ் பால் கிட்டாரை வாசித்தபோது அந்தக் கூர்மை ஒரு தலைமுறையின் காதில் ஏறிவிட்டது. அந்த வகை லெஸ் பாலை கிப்சன் அப்போது தயாரிப்பதைக்கூட நிறுத்தியிருந்தது. பழைய கிட்டார்களைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள். கண்டெடுத்த பல கிட்டார்களில் பிக்கப் செத்திருந்தது.

கையால் பிக்கப் செய்வது ஒரு தனித் தொழிலானது இங்கேதான். தொழிற்சாலை புதிய பிக்கப் தரும். பழைய ஓசையைத் தராது. பழையதை எப்படிச் செய்தார்கள் என்று எழுதிவைத்தவரும் இல்லை. செத்த பிக்கப்பைப் பிரித்துச் சுற்றை எண்ணி, கம்பியை அளந்து, காந்தத்தைச் சோதித்துத்தான் கற்க வேண்டியிருந்தது. பழுதுபார்ப்பே பள்ளிக்கூடம்.

நியூ ஜெர்சியில் சேமூர் டங்கன் என்ற பையன். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவனுடைய டெலிகாஸ்டரின் பின்பக்கப் பிக்கப் போய்விட்டது. மீதி நிகழ்ச்சியை முன்பக்கப் பிக்கப்பிலேயே ஓட்டினான். வீட்டுக்கு வந்து, இசைத்தட்டு சுழலும் ரெக்கார்ட் பிளேயரில் பாபினை வைத்துத் தானே காயில் சுற்றினான். நிமிஷத்துக்கு 33 சுற்று வேகத்தில் எட்டாயிரம் சுற்று என்றால் கம்பி அறாமல் நான்கு மணி நேரம்; 78 வேகத்தில் ஒன்றே முக்கால் மணி. பீச்சம் கிராமபோனின் ஊசிப்பக்கத்தைப் பிரித்துப் பிக்கப்பைக் கண்டார். முப்பது சொச்சம் வருஷம் கழித்து இந்தப் பையன் அதன் தட்டுப்பக்கத்தைக் கொண்டு அதைப் பிழைக்கவைத்தான். பிறகு டங்கன் சேத் லவரிடம் நேரிலேயே கேட்டுக் கற்றார். லண்டனில் ஃபெண்டர் சவுண்ட்ஹவுஸில் பழுது வேலை பார்த்தார். ஒரு டெலிகாஸ்டரில் தான் திரும்பச் சுற்றிய ஹம்பக்கர்களைப் பொருத்திக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்குக்குக் கொடுத்தார். 1975இல் வந்த 'ப்ளோ பை ப்ளோ' தொகுப்பில் அந்தக் கிட்டார் அழுவதைக் கேட்கலாம். அந்தப் பிக்கப்பின் வழிவந்ததுதான் இன்றும் உலகமெங்கும் விற்கும் 'ஜேபி'. 1970களின் நடுவில் மனைவி கேத்தியோடு கலிஃபோர்னியாவில் நிறுவனம் தொடங்கினார். நியூயார்க்கில் கிட்டார் பழுதுபார்த்துக்கொண்டிருந்த லேரி டிமார்சியோ அதற்குச் சற்று முன்பே, பழையதைப் போலச் செய்யாமல் அதைவிடப் பலமாகக் கத்தும் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' பிக்கப்பைச் செய்து விற்றார். கிட்டாரை ஒருவரிடமும் பிக்கப்பை வேறொருவரிடமும் வாங்குவது அதிலிருந்து பழக்கமானது. ரிச்மண்டில் லிண்டி ஃப்ராலின், வாஷிங்டன் மாநிலத்தில் ஜேசன் லாலர் என்று அடுத்த வரிசை வந்தது. லாலர், காயில் சுற்றும் இயந்திரத்தை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்று புத்தகமே எழுதினார். தொழில் ரகசியத்தைப் பூட்டிவைக்காத அந்தப் பெருந்தன்மையால்தான் இன்று பல ஊர்களில் ஒற்றை ஆள் பட்டறைகள் இருக்கின்றன.

அப்படி ஒரு பட்டறைக்கு ஒரு பழைய ஸ்ட்ராட் பிக்கப் வருகிறது என்று வையுங்கள். மல்டிமீட்டரை வைத்தால் ஆறு கிலோஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஓப்பன். எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. பதறிக் காயிலை அறுத்துவிடக் கூடாது. முதலில் அடி அட்டையில் ஒயர் ஏறும் இரண்டு கண்களையும் லென்ஸில் பார்க்க வேண்டும். வியர்வை இறங்கிப் பச்சை பூத்த சால்டர் அங்கேதான் விட்டுப்போகும். அறுந்தது வெளிமுனை என்றால் அதிர்ஷ்டம்: குண்டூசியால் நுனியை நெம்பி, சில சுற்று பிரித்து, எனாமலைச் சுரண்டி, புதுத் துண்டு சேர்த்துச் சால்டர் வைத்தால் பழைய காயில் பழைய குரலோடே எழுந்துவிடும். உள்முனை அறுந்திருந்தால் வேறு வழியில்லை, திரும்பச் சுற்றத்தான் வேண்டும்.

அதற்கு முன் குறித்துக்கொள்ள வேண்டியவை: திசைகாட்டி வைத்து மேல்முனை வடக்கா தெற்கா, கம்பி வலமாகச் சுற்றியிருக்கிறதா இடமாகவா, மைக்ரோமீட்டரில் கம்பியின் கனம், எனாமலின் நிறம். கரும் பழுப்பாக இருந்தால் பழைய சாதா எனாமல், தேன் நிறமாக இருந்தால் ஃபார்ம்வார். இரண்டின் பூச்சுக் கனமும் வேறு. அதே சுற்றுக்கு வேறு பருமன், வேறு குரல். பிறகுதான் கத்தி. துரு ஏறிய காந்தத்தைத் துடைத்து, மறுபடி அரக்கு பூசிக் காயவிட்டு, பாபினை ஏற்றி, கம்பியை விரலிடுக்கில் பிடித்தால், மோட்டாரின் வேகத்தைவிடக் கையின் இழுவைதான் முக்கியம். இறுக்கினால் கம்பி நீண்டு மெலியும், இல்லை அறும். தளர்த்தினால் சுற்றுகள் உள்ளுக்குள் ஆடும்; அந்தப் பிக்கப்புக்கு நிஜமாகவே காது முளைத்துவிடும், ஆம்ப்ளிஃபயரைத் திருகியதும் வீல் என்று கத்தும். அதைத் தடுக்கத்தான் மெழுகுக் குளியல்: நான்கு பங்கு பாரஃபின், ஒரு பங்கு தேன்மெழுகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 65 டிகிரி வாக்கில். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். சூடு மீறினால் பிளாஸ்டிக் பாபின் கோணும். காயிலிலிருந்து குமிழி வருவது நின்றால் மெழுகு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

முடிந்ததும் பலர் ஓம் எண்ணைத்தான் கேட்கிறார்கள். எட்டு கிலோஓம் என்றால் ஆறைவிடப் பலம் என்ற நம்பிக்கை எப்படியோ வேரூன்றிவிட்டது. அது தவறு. 43ஆம் எண் கம்பி இன்னும் மெல்லியது. அதே சுற்றுக்கு எதிர்ப்பு கூடும், சத்தம் கூடாது. காந்தம் என்ன, எத்தனை சுற்று, காயில் ஒல்லியும் உயரமுமா, குட்டையும் பருமனுமா, தந்தியைத் தாங்கும் பாலத்துக்கு எவ்வளவு அருகே என்பதெல்லாம் சேர்ந்துதான் குரல். ஒரு கிட்டாருக்கென்று பிக்கப் செய்து தருபவர் நல்ல ஆளாக இருந்தால் எண்ணைச் சொல்லமாட்டார். என்ன கனத்தில் தந்தி போடுகிறீர்கள், எந்த ஆம்ப்ளிஃபயர், மூன்று பிக்கப்பில் எது பக்கத்தில் எது இருக்கிறது என்று கேட்பார். திரும்பச் சுற்றிய பிக்கப்பின் திசையோ முனையோ பக்கத்துப் பிக்கப்போடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டையும் சேர்த்துப் போட்டதும் ஓசை சூம்பிப்போய் மூக்கால் பேசும். ஒயர் இரண்டையும் மாற்றி வைத்தால் சரியாகிவிடும். கடைசியாக, அடி அட்டையில் தேதி, கம்பியின் எண், சுற்றின் எண்ணிக்கை, திசை நான்கையும் பென்சிலால் எழுதச் சொல்லி வாங்குங்கள். இன்னும் முப்பது வருஷம் கழித்து அதே பிக்கப்பைத் திறப்பவர் காயிலை அறுத்து எண்ண வேண்டியிருக்காது.